மேஜரா, மைனரா

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவரே மடிக்கலாம்தான், ஆனால் அம்மா அதை மடிப்பு என்று ஒத்துக்கொள்ள மாட்டாள். சுருட்டல் என்பாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மகள் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். கொடியில் காய்ந்த பெரிய விரிப்பை அம்மா தோளில் போட்டுக்கொண்டு வந்து, இரண்டு மூலைகளை அவள் கையில் கொடுத்தாள். மற்ற இரண்டையும் பிடித்தபடி அறையின் மறுகோடிக்குப் பின்பக்கமாகவே நடந்து போனாள். ஒரு இழுப்பு, ஒரு உதறல். பிறகு இருவரும் எதிரெதிரே வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். நூலிழை ஏற்ற இறக்கம் தெரிந்தாலும் அம்மா திரும்பவும் உதறச் சொல்வாள்.

மகளின் காதுக்கும் தோளுக்கும் நடுவே கைபேசி மாட்டியிருந்தது. அவள் மின்தூக்கிகளைச் சோதிக்கும் பொறியாளர். முந்தின நாள் ஒரு குடியிருப்பில் லிஃப்டை நிறுத்திச் சிவப்புச் சீட்டுத் தொங்கவிட்டு வந்திருந்தாள். அந்தக் கட்டடத்துச் செயலாளர் ஞாயிறென்றும் பாராமல் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"கதவுப் பூட்டுல குறை இருக்கு சார். குறை இருந்தா ஓட்டக்கூடாது. சின்னது பெருசுன்னு எங்ககிட்ட கிடையாது. வைக்கிறேன்."

அம்மா அந்தப் பேச்சு முடியட்டும் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது.

"ஏண்டி, ஃபாய்பிள்னா என்ன?"

"என்னது?"

"ஃபாய்பிள். இங்கிலீஷ் வார்த்தை. சரியாத்தான் சொல்றேன். நீ வர்ற வரைக்கும் மறந்துடக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி வச்சிருக்கேன்."

"குறைம்மா. குறைன்னு அர்த்தம்."

அம்மா நடையின் நடுவில் நின்றாள். விரிப்பு இருவருக்கும் நடுவே தொட்டில்போலத் தொங்கியது.

"குறையா?"

"ஆமா."

"மேஜரா, மைனரா?"

கைபேசி மறுபடி அடித்தது. அதே செயலாளர்.

"குறைன்னா குறைதாம்மா. அதுல என்ன மேஜர், மைனர். இழு."

"அப்படியா" என்றாள் அம்மா. இழுத்தாள். மூலைகள் சேர்ந்தபோது ஒரு விரல் அகலம் முன்பின்னாக இருந்தன. மகள் பழக்கதோஷத்தில் மறுபடி உதறக் கையைத் தூக்கினாள்.

"போதும், விடு."

அப்படியே மடித்து அம்மா அதை அலமாரியில் வைத்துவிட்டாள். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் வேலை பார்த்தவள். மகள் பிறக்கும் முன்பே சேர்ந்தவள், மகள் வேலைக்குப் போன பிறகும் விடாதவள். குழல்விளக்கு தொங்கும் நீள மேசை. தைத்து முடித்த சட்டைகள் கட்டுக்கட்டாக அவள் இடதுபக்கம் வந்து விழும். காலரில் தொடங்குவாள். தோள், கை, கஃப், பட்டன் பட்டி, கீழ்மடிப்பு என்று விரல்கள் இறங்கி வரும். பிறகு உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி அதே பாதையில் ஏறிப் போகும். எங்கே பிசகு தட்டுப்பட்டதோ அங்கே ஒரு சின்னச் சிவப்பு அம்பை ஒட்டுவாள். சுருளாக வரும் ஸ்டிக்கர் அது, நகத்தின் அளவுதான். அம்பின் முனை பிசகின்மேல் சரியாகத் தொட வேண்டும். தைத்தவள் வாய் திறந்து கேட்காமலே புரிந்துகொள்ள வேண்டும். அதுதான் நல்ல செக்கிங் என்பது அம்மாவின் கட்சி.

பிசகு இரண்டு வகை. தையல் விட்டுப்போனால், கை ஏறி இறங்கினால் மேஜர். பீஸ் திரும்பிப் போகும். உள்ளே ஒரு நூல் பிசிறு, பட்டனில் ஒரு மங்கல் என்றால் மைனர். மைனருக்கும் அம்பு உண்டு, ஆனால் பீஸ் பாஸ். பாஸான கட்டை அம்மா உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி வலதுபக்கம் தள்ளுவாள். மைனர் இல்லாத சட்டையைத் தான் பார்த்ததே இல்லை என்பாள். தைத்தது மனுஷக் கைதானே என்பாள்.

தையல் லைனில் அவளுக்கு அம்புக்காரி என்று பெயர். அது தெரிந்தும் அவள் கண்டுகொண்டதில்லை.

தொழிற்சாலையோடு போயிருந்தால் பரவாயில்லை. குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணி அடித்து ஒரு சுருள் வீட்டிலும் தொங்கியது. சுவரில் விரிசல் விட்ட இடத்தில் அம்பு. ஆடுகிற நாற்காலிக் காலில் அம்பு. மகளின் கணக்கு நோட்டில் கூட்டல் தப்பிய இடத்தில் அம்பு. அப்பா அஞ்சல் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர். சவரம் செய்யும்போது தாடைக்குக் கீழே நாலு முடியை விட்டுவிட்டார் என்று ஒருநாள் அங்கேயும் ஒட்டிவிட்டாள். அவர் அதோடு பேருந்து ஏறி வேலைக்கே போய்விட்டார்.

"நான் போர்க்களத்துக்குப் போயிருந்தாக்கூட இவ்வளவு அம்பு வாங்கியிருக்க மாட்டேன்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

"குறி தப்பாம ஒட்டுறேனே, அதைச் சொல்லுங்க" என்பாள் அம்மா.

மகளுக்குச் சிரிப்பு வந்ததில்லை. பள்ளியில் பெற்றோரை வரச் சொன்ன ஒருநாள், தலைமையாசிரியை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மகளைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தார். அம்மா கேட்டபடியே கைப்பையிலிருந்து ஓர் அம்பை எடுத்தாள். எட்டி, தலைமையாசிரியையின் ரவிக்கைக் கைக்குழியில் தையல் பிரிந்திருந்த இடத்தில் ஒட்டினாள். "மன்னிச்சுக்கங்க, கை தானா போயிடுச்சு" என்றாள். ஜன்னலுக்கு வெளியே பாதி வகுப்பு நின்றிருந்தது. அதிலிருந்து படிப்பு முடியும்வரை மகளுக்குப் பள்ளியில் ஸ்டிக்கர் என்றுதான் பெயர். கல்லூரியில் யாராவது அம்மா என்ன செய்கிறாள் என்று கேட்டால், தரக்கட்டுப்பாட்டுத் துறை என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். அப்படிச் சொன்னால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

அம்மாவுக்குப் பாராட்டத் தெரியாது. நல்லா இருக்கு என்ற சொல்லை அவள் வாயிலிருந்து பிடுங்க முடியாது. பட்டமளிப்பு நாளில் மகள் கறுப்பு அங்கியோடு எதிரே வந்து நின்றபோது, முதலில் அங்கியின் ஓரத்தைத் திருப்பி உள்தையலைப் பார்த்தாள். "வாடகைத் துணி, இவ்வளவுதான் தைப்பான்" என்றாள். பிறகு மகளின் முதுகில் இரண்டு தட்டு. அப்பா அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் தள்ளி நின்றுகொண்டாள், தோழிகள் பார்க்கிறார்களே என்று.

அம்மா ஒரு வெள்ளிக்கிழமை ஓய்வு பெற்றாள். ஞாயிற்றுக்கிழமை விரிப்பு மடித்தார்கள். அதற்குப் பிறகு மகள் நாலைந்து தடவை வந்து போயிருப்பாள். அவசர அவசரமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவாள். வீட்டில் எதுவோ மாறியிருக்கிறது என்பது அவளுக்கு உறைக்கவில்லை. லிஃப்டில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தால் சத்தத்திலேயே சொல்லிவிடுகிறவள்.

ஒரு காலை அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் சரிந்தாள். பால் பொங்கித் தீய்ந்த வாடைக்குத்தான் அப்பா எழுந்து வந்தார்.

எல்லாரும் வந்து போன பிறகு, ஒரு மதியம் மகளும் அப்பாவும் அம்மாவின் அலமாரியை ஒழித்தார்கள். அப்பா துணிகளை எடுத்துக் கொடுக்க, அவள் கட்டில்மேல் அடுக்கினாள். அவர் கையை நீட்டியபோது கஃப் ஓரம் நைந்து நூல் தொங்குவது தெரிந்தது.

"அப்பா, கஃப் பிரிஞ்சிருக்கு."

"தெரியும்."

"அம்மா பாக்கலையா?"

"பாக்காம இருப்பாளா. பாத்தா, ஒட்டல."

மகள் குளிர்சாதனப் பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆணி மட்டும் இருந்தது.

"எப்பலேர்ந்து?"

"ரிடையர் ஆன கையோட. சுருளைக் கழட்டி எங்கேயோ வச்சுட்டா. நான்கூடச் சோதிச்சுப் பாத்தேன். மேல் பட்டனை நானே பிச்சுப் போட்டுட்டு, அவ எதிர்லயே உக்காந்து பேப்பர் படிச்சேன். பாக்கறா. பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கறா. சாயங்காலம் பட்டன் தச்சிருக்கு. அம்பு மட்டும் இல்ல." அவர் கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். "இத்தனை வருஷம் கிண்டல் பண்ணினேன். அது இல்லாம முதுகு அரிச்சுதும்மா எனக்கு."

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். 'ஊரார் குறையெல்லாம் ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சேன், கடைசியில என் குறையைக் கூட்டம் போட்டுச் சொல்லி அனுப்பிட்டாங்க'ன்னா."

"யாரு?"

"மேனேஜர்தான். வழியனுப்புற அன்னிக்கு இங்கிலீஷ்ல ஏதோ வார்த்தை சொன்னாராம். எல்லாரும் சிரிச்சாங்களாம். அர்த்தம் தெரியாம இவளும் சேந்து சிரிச்சாளாம். அன்னிக்குச் சாயங்காலம் எவ்வளவு சந்தோஷமா வந்தா தெரியுமா? அந்த வார்த்தையைப் பாட்டு மாதிரி முணுமுணுத்துக்கிட்டே வந்தா. ரெண்டு நாள் கழிச்சு முகமே செத்துப் போச்சு. 'குறையைச் சொல்றவங்க மூஞ்சிக்கு நேரா நம்ம பேச்சுல சொல்லியிருந்தா வாங்கிக்கிட்டிருப்பேன், புரியாத பாஷையில சொல்லிட்டுச் சிரிச்சாங்களே'ன்னு அதையேதான் சொன்னா."

மகள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அந்த ஆளு அப்படிப் பேசுறவர் இல்லையே, வேற ஏதாவது அர்த்தம் இருக்கும்னு நான் சொன்னேன். 'பொண்ணுகிட்டயே கேட்டுட்டேன். அவ படிச்சவ, தப்பாச் சொல்ல மாட்டா'ன்னுட்டா." அப்பா அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "என்ன வார்த்தைம்மா அது? உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லப்பா" என்றாள் மகள்.

அப்பா தலையை ஆட்டிவிட்டுத் தேநீர் போடப் போனார். அலமாரியின் அடித்தட்டில் அந்த விரிப்பு இருந்தது. ஓரங்கள் ஒரு விரல் அகலம் முன்பின்னாக, வைத்தபடியே.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கைபேசியில் அகராதியைத் திறந்தாள். அந்தச் சொல்லை அவள் ஒரே ஓர் இடத்தில்தான் பார்த்திருந்தாள். நுழைவுத் தேர்வுக்காக மனப்பாடம் செய்த புத்தகத்தில், இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் அதற்கு இணையான சொல். இதற்கு நேரே குறை என்று பொருள்படும் இன்னொரு ஆங்கிலச் சொல் இருந்தது. அதைத்தான் அம்மாவிடம் எடுத்துப் போட்டாள்.

அகராதி வேறு சொன்னது. ஒருவர் குணத்தில் இருக்கும் சிறு பலவீனம், அல்லது விசித்திரப் பழக்கம். பெரும்பாலும் பொருட்படுத்தத் தகாதது, மன்னிக்கக்கூடியது. கீழே எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருந்தன. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துவிட்டு வீடெல்லாம் தேடும் மாமாவைப் பற்றி ஒன்று. நண்பர்கள் ஒருவர் மற்றவரின் அசட்டுப் பழக்கங்களைச் சகித்துக்கொண்டு வாழ்வதைப் பற்றி ஒன்று. எல்லா வாக்கியத்திலும் சொல்கிறவர் லேசாகச் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார். நீதிபதி ஒரு கைதியைப் பார்த்து இந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார். சோதனை அறிக்கையிலும் இதற்கு இடமில்லை. பிடிக்காத ஆளைப் பற்றிப் பேசும்போது யாருக்கும் இது வாயில் வராது.

மேஜரா, மைனரா என்று அம்மா கேட்டாள். அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

மகள் தன் தொழில் முறைப்படி யோசித்துப் பார்த்தாள். கேள்வி சரியாகக் கேட்கப்பட்டது. அளக்கும் கருவி கையில் இருந்தது. அளவு எடுக்கவில்லை. எடுக்காமலே சீட்டைத் தொங்கவிட்டாயிற்று. சின்னது பெருசுன்னு எங்ககிட்ட கிடையாது என்று அந்தச் செயலாளரிடம் சொன்னதும்கூடப் பொய்தான். அவள் படிவத்திலேயே மூன்று தரம் உண்டு. தொந்தரவைத் தட்டிக்கழிக்க அப்படிச் சொல்வது அவள் வழக்கம். கெஞ்சுகிற கட்டடக்காரர்களுக்கு வைத்திருந்த பதிலை அம்மாவுக்கும் கொடுத்திருக்கிறாள்.

தேநீரோடு வந்த அப்பா, அம்மாவின் கைப்பையை அவள் மடியில் வைத்தார். உள்ளே தொழிற்சாலை அடையாள அட்டை இருந்தது.

"இதைத் திருப்பிக் கொடுக்கணும்னு அவளுக்கு மூணு தடவை போன் வந்தது. அங்க அவ சாமான் ஏதோ இருக்காம், அட்டையைக் கொடுத்துட்டு வாங்கிக்கணுமாம். 'போகணும், போகணும்'ன்னா. போகல. நீ ஒரு நடை போய்ட்டு வர்றியாம்மா?"

அந்தத் தொழிற்சாலைக்குள் அவள் அதற்குமுன் போனதில்லை. சின்ன வயதில் வாசல்வரை வந்திருக்கிறாள். உள்ளே நீராவி இஸ்திரியின் ஈர வெப்பம், காற்றில் மிதக்கும் பஞ்சு, வரிசை வரிசையாக இயந்திரங்களின் இரைச்சல். செக்கிங் மேசையில் அம்மாவின் இடத்தில் வேறு ஒரு பெண் குனிந்திருந்தாள். இடதுபக்கம் ஒரு கட்டு, வலதுபக்கம் ஒரு கட்டு, நடுவே சிவப்புச் சுருள்.

பட்டன் துளை போடும் காஜா இயந்திரத்திலிருந்து ஒரு நடுவயதுப் பெண் எழுந்து வந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அக்கா பொண்ணுதானே நீ? அதே நெத்தி. நான் காஜாக்காரி. அம்மா சொல்லியிருப்பாங்களே, வாய் மூடாதவன்னு."

சொல்லியிருந்தாள். தினமும் சொல்லியிருந்தாள். மகள் காதில் வாங்கியதில்லை.

"சொல்வாங்க சித்தி" என்றாள்.

"சாவுக்கு வந்தோம், கூட்டத்துல உன்கிட்ட பேச முடியல." காஜாக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு மேலாளர் அறைப்பக்கம் நடந்தாள். நடந்தபடியே குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டியே? அக்காவுக்கு எங்கமேல என்ன கோபம்? திங்கக்கிழமை வர்றேன்னு சொல்லிட்டுப் போனவங்க, வரவே இல்ல. போன் பண்ணினா உடம்பு சரியில்லன்னாங்க. குரலைக் கேட்டா உடம்புக்கு ஒண்ணும் இல்லன்னு தெரியுது. நாங்க ராத்திரி பகலா மண்டையை உடைச்சிக்கிட்டோம், யாரு என்ன பேசிட்டோம்னு. நான்தான் ஏதாவது உளறியிருப்பேன்னு எல்லாரும் என்னைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க."

மகள் வாயைத் திறந்தாள். மேலாளர் அறை வந்துவிட்டது. ஒரு நொடி தப்பித்தோம் என்று இருந்தது. அப்படி இருந்ததே என்று காது சுட்டது.

மேலாளர் உயரமானவர், ஒடிசலானவர். கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது, அகராதியின் எடுத்துக்காட்டு மாமாவைப் போலவே. லைனில் அவருக்கு அகராதி என்று பெயர் இருப்பதைக் காஜாக்காரி அவர் எதிரிலேயே சொன்னாள். அவர் எழுந்து அடையாள அட்டையை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அதிலிருந்த புகைப்படத்தைப் பார்த்தபடி நின்றார்.

"என் சட்டையில அம்பு இல்லாம ஒரு வாரம்கூட வீட்டுக்குப் போனதில்ல. என் மனைவி வாசல்லயே தேடுவாங்க, இன்னிக்கு எங்கேன்னு" என்றார். "அதைத்தான் அன்னிக்குப் பேசினேன்."

"ஃபாய்பிள்" என்றாள் மகள்.

அவர் முகம் மலர்ந்தது. "சொன்னாங்களா? வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆள் ஒருத்தர் வந்திருந்தார், அதனால இங்கிலீஷ்ல பேசும்படி ஆயிடுச்சு. அழகான வார்த்தைம்மா. பழைய பிரெஞ்சு. பலவீனம்னு அர்த்தம். முதல்ல வாளுக்குத்தான் சொன்னாங்க." பழக்கம் விடவில்லை. மேசையில் கிடந்த அட்டைத் துண்டில் பேனாவால் வரைய ஆரம்பித்தார். "இது கைப்பிடி. இங்கேருந்து பாதி வரைக்கும் தடிமன். எதிராளி வீச்சைத் தடுக்கிறது இந்தப் பாதி. பாதியிலேருந்து நுனிவரைக்கும் மெலிசு, வளையும். அந்த மெலிசான பாதிக்குத்தான் ஃபாய்பிள்னு பேரு. அப்புறம்தான் மனுஷங்க குணத்துக்கு வந்தது. நான் என்ன சொன்னேன்னா, வாளுக்கு மெலிசுப் பாதி இல்லன்னா அது உலக்கை. இவங்ககிட்ட அம்பு ஒட்டுற கிறுக்கு மட்டும் இல்லன்னா, வேலை தெரிஞ்ச இன்னொரு ஆளு, அவ்வளவுதான். அந்தக் கிறுக்கைத்தான் நாங்க தேடுவோம்னு சொன்னேன்."

காஜாக்காரி அட்டையை எட்டிப் பார்த்தாள். "அன்னிக்கும் இதையேதான் போர்டுல வரைஞ்சாரு. கத்தின்னாரு. நாங்க பாத்தா முருங்கைக்காய் மாதிரி இருக்கு. அடக்க முடியல. எல்லாரும் சிரிச்சுட்டோம்."

"எங்கம்மா எங்க உக்காந்திருந்தாங்க?" என்று கேட்டாள் மகள்.

"முன்னாடி, நாற்காலி போட்டு. எங்களைப் பாத்தாப்புல."

"போர்டு?"

"அக்காவுக்குப் பின்னாடி."

அம்மாவுக்குத் தெரிந்தது சிரிக்கிற முகங்கள் மட்டும். சுற்றித் திரும்பிப் பார்த்திருந்தால் முருங்கைக்காயைப் பார்த்திருப்பாள். எல்லார் முன்னாலும் உட்கார்ந்திருக்கும்போது திரும்பிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பாள்.

மகள் நாற்காலியில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று தோன்றியது.

"அம்மாவுக்கு உங்க யார்மேலயும் கோபம் இல்ல" என்றாள். "அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு ஞாயித்துக்கிழமை என்கிட்ட கேட்டாங்க. குறைன்னு சொன்னேன். மேஜரா மைனரான்னு கேட்டாங்க. அப்படியெல்லாம் கிடையாது, குறைன்னா குறைதான்னு சொல்லிட்டேன். எனக்குச் சரியாத் தெரியாது. தெரியாதுன்னும் சொல்லல. அவங்க குறையைச் சொல்லி நீங்க எல்லாரும் சிரிச்சீங்கன்னு நினைச்சுக்கிட்டாங்க. கடைசிவரைக்கும்."

வெளியே இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மேலாளர் அட்டைத் துண்டைக் கவிழ்த்து வைத்தார்.

"நம்ம பேச்சுல ஒரு தடவை சொல்லியிருக்கலாம்" என்றார் மெதுவாக, யாரையும் பார்க்காமல். "எனக்குத் தோணவே இல்ல."

காஜாக்காரி அவ்வளவு நேரம் பிடித்திருந்த கையை விட்டாள். பரவாயில்லை என்று சொல்வாள் என மகள் எதிர்பார்த்தாள் போலும். அது வரவில்லை என்று தெரிந்தபோதுதான், எதிர்பார்த்தது தெரிந்தது.

"மேஜரா மைனரான்னு கேட்டாங்களா" என்றாள் காஜாக்காரி கடைசியில். "கேப்பாங்க. கண்ணுல பட்டதை அப்படிக் கேக்காம கீழ வைக்க மாட்டாங்க."

அவள் வெளியே போய் ஒரு பாலித்தீன் உறையோடு வந்தாள்.

உறைக்குள் ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது, ரிஜெக்ட் ஆன பீஸ், ஒரு தோள் மற்றதைவிட இறங்கியது. அதன் மேலெல்லாம் சிவப்பு அம்புகள். ஒவ்வொரு அம்புக்குப் பக்கத்திலும் துணிப் பேனாவால் ஒரு சொல். தைக்கிறவர்கள், வெட்டுகிறவர்கள், இஸ்திரி போடுகிறவர்கள், எல்லாரும் ஆளுக்கு ஓர் அம்பு ஒட்டித் தங்கள் குறையைத் தாங்களே எழுதியிருந்தார்கள். காலரில் 'வாய்', அது காஜாக்காரி. முதுகில் 'தூக்கம்'. பையில் 'ஓசி டீ'. கீழ்மடிப்பில் 'லேட்டு', அதற்குப் பக்கத்திலேயே வேறு கையெழுத்தில் 'நானும் லேட்டு'. பட்டன் பட்டியில் நடுநாயகமாக 'இங்கிலீஷ்'.

"எழுதித்தான் ஆகணும்னு இவரை விடல நாங்க" என்றாள் காஜாக்காரி, மேலாளரைக் காட்டி. "கூட்டத்துக்கு முன்னாடி டீ நேரத்துல ஒட்டினது. அக்காவும் ஒண்ணு ஒட்டணும்னு சொன்னோம். சட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. அக்காவோட குறை என்னன்னு நாங்க ஆளுக்கு ஒண்ணு சொன்னோம். 'நீங்க சொன்னா செல்லாது, அவசரத்துல ஒட்டுனா தப்பா ஒட்டிடுவேன். நல்லா யோசிச்சுப் பாத்துட்டு, அட்டை கொடுக்க வர்றப்போ ஒட்டி எடுத்துட்டுப் போறேன்'னாங்க."

மகள் சட்டையை மேசைமேல் விரித்தாள். அப்பாவிடம் இதைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஞாபகம் இல்லை என்று சொன்னது பொய் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அவள் காலரிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள். தோள், கை, பட்டன் பட்டி. உள்பக்கம் திருப்பி மறுபடி மேலே.

காஜாக்காரி செக்கிங் மேசையிலிருந்து சுருளை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். மகள் அதைத் தொடவில்லை.

இடது கஃபில், மணிக்கட்டு வரும் இடத்தில், ஒன்றும் ஒட்டாமல் விட்டிருந்தார்கள். அம்மா திங்கட்கிழமை வந்து ஒட்டுவதாகச் சொல்லிவிட்டுப் போன இடம்.